பட்டுப்போன கொடிகளின் சிவப்பு

இந்த ஊரில் உனக்கு யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். ஒரு பட்டுக்கடை முதலாளி, அவர் கடையில் வேலை பார்த்த ஒரு ஓட்டைவாய், எங்கள் தெருப் பெரியவர், என் வீட்டுக்காரர், கடைசியில் நான். இந்த ஐந்து பேர் மேலும் உள்ள கோபம் ஒரே ஒரு பாட்டில் ஒயினிலிருந்து வந்தது. அதை யாரும் குடிக்கவில்லை. குடித்துவிட்டுப் பழி வந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

நான் பாண்டிச்சேரிப் பெண். அப்பா பிரெஞ்சுக்காரன் ஆபீசில் குமாஸ்தா. என்னைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் போட்டார். அங்கே பிரெஞ்சு பேசாவிட்டால் முட்டி போட வைப்பார்கள். அப்படி முட்டி தேய்ந்து கற்ற பாஷையை வைத்துக்கொண்டு நான் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன். சொந்தத்தில் சம்பந்தம், சாதி ஒன்று, ஜாதகம் பொருந்தியது. பாஷையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த முதல் வாரம், "பாண்டிச்சேரில தண்ணிக்குப் பதிலா ஒயினுதான் குடிப்பீங்களாமே" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் தொட்டதில்லை என்றேன். அவள் நம்பவில்லை. பத்து வருஷம் கழித்தும் அந்தத் தெரு என்னை நம்பாமலேதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பேசாத மனுஷர். பட்டு நூலைச் சலவைச் சோடாவில் வேகவைத்துப் பிசின் எடுத்து, கழி கழியாகக் கொப்பரையில் முக்கி, நாள் முழுக்க ஆவியிலேயே நிற்பார். கல்யாணத்துக்குத் துணி எடுப்பவர்கள் செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து, இந்தச் சிவப்பு வேண்டும் என்பார்கள். இன்னொருத்தர் மாம்பழத் தோலைக் காட்டுவார். எதைக் காட்டினாலும் கண்ணை இடுக்கி ஒரு தடவை பார்ப்பார். அந்த நிறம் வந்துவிடும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாயத் தண்ணீரானாலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். புளிப்பு சரியாக இருந்தால்தான் பட்டு நிறத்தைப் பிடிக்கும் என்று கணக்கு. அவர் அப்பாவும் அப்படித்தானாம். விஷம், வைக்காதீர்கள் என்று நான் கத்தாத நாளில்லை. சரி சரி என்பார். அடுத்த கொப்பரையில் விரல் போய்விடும்.

எங்கள் பேட்டையில் ஒரு அம்மன் கோயில். பங்குனியில் திருக்கல்யாணம். அன்றைக்கு அம்மனுக்குச் சாத்தும் புடவைக்கு நூல் சாயம் போடும் முறை இவர் குடும்பத்துக்கு. மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டு, புடவை சாத்தும் நாள்வரை விரதம் இருப்பார். இதற்குக் கூலி கிடையாது. ஒரு தேங்காய் மூடி, ஒரு பிடி குங்குமம், அவ்வளவுதான். ஆனால் காப்புக் கட்டிய நாளிலிருந்து இவர் நடையே மாறிவிடும். வருஷம் முழுக்கக் குனிந்த தலை அந்த ஒரு மாசம் நிமிர்ந்திருக்கும். இந்த மனுஷருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, அப்படியொரு பங்குனியில் காப்புக் கட்டி மூன்றாம் நாள் காலையில் பட்டுக்கடை முதலாளியின் கார் எங்கள் சந்துக்குள் வந்தது. பின் சீட்டில் ஒரு வாழைத்தார். அதற்கு அடியில் வைக்கோலில் சுற்றிய ஒரு பாட்டில். கூட ஒரு பிரெஞ்சுக் கடிதம்.

பாட்டில் கப்பலில் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கியிருக்கிறது. அங்கே இதெல்லாம் தாராளமாக விற்பார்கள். எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மதுவிலக்கு, பாட்டிலோடு பிடித்தால் ஜெயில். முதலாளி அதைத் தெரிந்துதான் வாழைத்தார் வாங்கியிருக்கிறார். பாட்டிலை எங்கள் பட்டறையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தாப்பா, இது உன் வூட்லயே இருக்கட்டும். எங்கம்மா பூஜை பண்ணிக்கினு இருக்காங்க, அங்க வைக்கக்கூடாது."

அவர் வீட்டில் நடப்பது பூஜை, எங்கள் வீட்டில் காப்போடு நிற்பவர் செய்வது என்னவோ! நான் வாயைத் திறப்பதற்குள் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். "நீதாம்மா படிச்சுச் சொல்லணும். பிரான்சு ராஜா கோட்டையிலேர்ந்து ஆர்டர் வந்துக்குது."

ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. பிரான்சில் பொர்தோ என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். அந்த ஊரில் ஒயின் செய்யும் தோட்டத்தையெல்லாம் கோட்டை என்றுதான் சொல்வார்கள், ஓட்டு வீடாக இருந்தாலும் சரி. கடிதம் எழுதியவள் அந்தத் தோட்டத்துக்காரி, புருஷனை இழந்தவள். அவள் அண்ணன் ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் உத்தியோகம் பார்த்து, காஞ்சிபுரத்துப் பட்டு ஒன்று வாங்கிப்போயிருக்கிறான். அந்தத் துணியோடு இருந்த கடை விலாசத்துக்கு எழுதியிருந்தாள்.

கடிதம் ஐந்து பக்கம். முதலாளிக்கு வேண்டியது ஐந்து வரிதான். நான் ஐந்து பக்கத்தையும் படித்தேன். நின்றுகொண்டே படித்தேன், கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை. அவள் மண்ணைப் பற்றி எழுதியிருந்தாள். ஆற்றோரம், வெறும் கூழாங்கல் நிலம், நெல் போட்டால் ஒரு மணி தேறாது. அந்தக் கல்லுக்குள் தண்ணீர் தேடி வேர் ஆள் உயரத்துக்கும் கீழே போகுமாம். பகலில் கல் சூடேறி ராத்திரி பழத்துக்கு அந்தச் சூட்டைக் கொடுக்குமாம். ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோஜாச் செடி. நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும் என்று அவள் மாமனார் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று ஜாதிப் பழத்தைத் தனித்தனியாக நொதிக்கவிட்டுப் பிறகு கலப்பார்கள். ஒன்று விறைப்பு, ஒன்று குழைவு, சேர்ந்தால்தான் நிற்கும். ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கிடக்கும். தெளிவதற்கு முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். அந்த வரியை மட்டும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. விரதக்காரர் பக்கத்தில் நின்றார்.

அதற்கப்புறம் வந்ததுதான் விஷயம். ஒரு குளிர்காலம் பனி இறங்கி அந்தத் தோட்டத்தில் பாதிக்கு மேல் கொடிகள் ஒரே வாரத்தில் பட்டுப்போயின. அடிமரம் வெடித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டதாம். புதுக்கொடி நட்டார்கள், அதிலும் நல்ல ஒயின் வருகிறது, ஆனால் பழைய நிறம் வரவில்லை. செத்த கொடிகளின் ஒயின் நிலவறையில் கொஞ்சம்தான் மிச்சம். "கடைசிப் பாட்டிலைத் திறந்த பிறகு அந்த நிறத்தை யாரும் பார்க்க முடியாது. என் மகள் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் ஒரு பட்டு வேண்டும். பட்டில் இருந்தால் இன்னும் நூறு வருஷம் இருக்கும் அல்லவா" என்று கேட்டிருந்தாள். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைக்க வேண்டும், மண்டி அடியில் இறங்கட்டும். திறந்தால் அன்றே பார்த்துவிட வேண்டும், மறுநாள் நிறம் மாறிவிடும். இதுதான் அவள் சொன்ன முறை.

நான் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது ஒயின். போதை வஸ்து. காப்பு இறங்கட்டும், அப்புறம் திறக்கலாம்."

இவர் தலையாட்டினார். முதலாளி விடவில்லை. "ஒரு மாசம் வச்சிக்கினு இருப்பியா? போலீஸ் வந்தா யாரு மாட்டிப்பா? பார்த்து நெறத்த எடுத்துக்கினு கீழ ஊத்திடு. பாக்கறதுல என்னாப்பா தப்பு?" அதையும் மீறி இவர் மறுத்திருப்பார். அவரை மறுக்க விடாமல் செய்தவள் நான். பத்து வருஷமாக எனக்குள் கிடந்து துருப்பிடித்த பாஷைக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. அந்த நிறத்தை என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று வெறி. "கண்ணால பாக்கிறதுக்கு விரதம் கெடாதுங்க" என்றேன். என் மேல் எனக்குள்ள கோபம் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

மறுநாள் காலை வெயில் முற்றத்தில் இறங்கியதும் திறந்தோம். தக்கையை எடுக்கும் திருகாணி காஞ்சிபுரத்தில் யாரிடம் இருக்கும்! நூல் சுற்றும் ராட்டினத்துக் கதிர்க் கம்பியைக் கழற்றிக் குத்தி நெம்பினேன். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே விழுந்தது. என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தம்ளரில் மெல்ல ஊற்றினேன். ஈரமண்ணும் பென்சில் சீவிய தூளும் சேர்ந்த ஒரு வாசனை. கீழே இவர் வேட்டியை வெள்ளையாக விரித்து, அதற்கு மேல் தம்ளரைச் சாய்த்துப் பிடித்தேன்.

நடுவில் நிறம் அடர்ந்து கறுத்த சிவப்பு. அரக்கு என்று சொல்ல முடியாது, மாதுளை என்றும் சொல்ல முடியாது. சாய்த்த ஓரத்தில் அது மெலிந்து மெலிந்து செங்கல் நிறமாகி, கடைசி நூலிழை அகலத்தில் பழுத்த ஆரஞ்சாக நின்றது. வயசான ஒயினுக்கு ஓரம் அப்படித்தான் வரும் என்று அப்பா ஆபீசில் துரைகள் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கத்தினேன்: "ஏங்க, இது ஒரு நிறம் இல்ல. நடுவுல இருக்கிறது உடல், ஓரத்துல இருக்கிறது கரை. கோர்வை போட்டா அப்படியே வரும்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அதற்கு முன்னால் என்னைப் பார்த்ததில்லை. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்ப்பது இந்த ஊர் வேலை. அதை ஒரு தம்ளருக்குள் கண்டுபிடித்துச் சொன்னது பாண்டிச்சேரிக்காரி. பேசாமல் போய் அடுப்பு மூட்டி, சின்னச் சட்டியில் சாயம் கலக்க ஆரம்பித்தார். நாலு இழை முக்குவார், பிழிவார், வெயிலில் பிடிப்பார், தம்ளரோடு ஒப்பிடுவார், தலையாட்டுவார், மறுபடி கலப்பார். நான் பக்கத்தில் தம்ளரைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல காலைப்பொழுது வாய்த்ததில்லை.

வெயில் ஏறும் நேரத்துக்கு நடு நிறம் வந்துவிட்டது. ஓர நிறத்துக்குப் போனார். அப்போதுதான் அது நடந்தது. நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கை தன்பாட்டுக்கு நீண்டு, விரலைத் தம்ளருக்குள் விட்டு, நாக்கில் வைத்தார்.

"புளிப்பு கம்மியா இருக்குது" என்றார்.

சொன்ன அடுத்த நொடி முகம் வெளுத்துவிட்டது. கிணற்றடிக்கு ஓடி, வாய் கொப்பளித்து, துப்பி, மறுபடி கொப்பளித்து, நாக்கைத் துண்டால் துடைத்தார். நான் தம்ளரோடு நின்றேன். வாசல்படியில், முதலாளி நிலவரம் பார்த்துவர அனுப்பிய கடை ஆள் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு விரல் ஒரு தம்ளராகி, ஒரு தம்ளர் ஒரு பாட்டிலாகி, காப்புக் கட்டிய கையோடு புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் உட்கார்ந்து குடித்ததாக ஆகிவிட்டது. அந்த ஓட்டைவாயை நான் பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில் வைத்துக் கேட்டேன். "நான் பாத்தத்தான் சொன்னேன்மா" என்றான். பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் இவன் ஏன் என் கண்ணைப் பார்க்கவில்லை?

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் கூடினார்கள். தெருப் பெரியவர் நடுவில். திருவிழாவையும் முறைகளையும் அவர்தான் தீர்மானிப்பார். முதலாளியும் வந்திருந்தார், நெற்றி நிறையத் திருநீறு. என்ன பாட்டில் அது என்று பெரியவர் கேட்டதற்கு, "கலர் சாம்பிள்னு வந்துச்சு. உள்ள என்னா இருக்குதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? பிரெஞ்சு படிச்சவங்க அவங்க வூட்லதான இருக்காங்க" என்றார். வாழைத்தாருக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்த மனுஷர்!

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னேன். ஒயின் என்று முதல் வரியிலேயே இருக்கிறது, அதை அன்றைக்கே முதலாளி எதிரில் படித்துச் சொன்னேன் என்றேன். முதலாளி சிரித்தார். "அதுல அப்டித்தான் எழுதிக்கீதுன்னு யாரு கண்டா? படிக்கிறதும் அவுங்க, சொல்றதும் அவுங்க." மண்டபத்தில் பாதிப் பேர் கூடச் சிரித்தார்கள். அந்த ஊரில் அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதனாலேயே நான் படித்தது செல்லாது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பெரியவர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அவருக்கு இவரைக் காப்பாற்ற வேண்டும் என்றே இருந்தது. வழியும் வைத்திருந்தார். "இத பாருப்பா. அது இன்னான்னு உனக்குத் தெரியாது, அப்டித்தான? தெரியாம நடந்துட்டா தோஷம் இல்ல. கொளத்துல முழுக்குப் போட்டு வந்துடு, காப்பு இருக்கட்டும். தெரிஞ்சிக்கினு எடுத்தாந்து வச்சது உன் பொஞ்சாதி. திருவிழா முடியற வரைக்கும் அவங்கள அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடு. கோயில் பக்கம் வர வேணாம். எல்லாம் சரியாப் போயிடும். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தை. எனக்கு நெஞ்சு லேசானது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கோபப்படவில்லை. பாண்டிச்சேரிக்குப் போனால் ஒரு மாசம் கடல் காற்று, அம்மா சமையல். பழிதானே, பத்து வருஷமாக இல்லாத பழியா? சொல்லுங்க, சொல்லுங்க என்று தூணுக்குப் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினேன்.

இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "தெரியுங்க. அவ முன்னாடியே சொல்லிட்டா. சொல்லியும் கை பூடுச்சு."

பெரியவர் இரண்டாம் தடவை கேட்டார். இவர் இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். அந்த இடத்திலேயே காப்பை அறுத்தார்கள். அம்மன் நூல் இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் சந்து முனைக்குக் கேட்டிருக்கும். "ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா? விரலை விட்டப்போ யோசிக்காத நாக்கு, இப்போ மட்டும் அரிச்சந்திரனா?" என்றேன். "நான் கேட்டேனா உங்களை, என்னைக் காப்பாத்துங்கன்னு?" என்றேன். என்னென்னவோ சொன்னேன். எல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ சொன்னது நெசந்தான?"

பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டப் போனேன். தடுத்துவிட்டார். நிறம் பார்க்காமல் கொட்டாதே, ஓரத்து நிறம் இன்னும் வரவில்லை என்றார். இன்றைக்கு மாறிவிடும் என்று அந்தம்மா எழுதியிருக்காளே என்றேன். மாறினது தெரியும், நேற்றுப் பார்த்ததுதான் கண்ணில் இருக்கிறது, மாறின நிறம் எது என்று ஒப்பிட்டு ஒதுக்கத்தான் இது வேண்டும் என்றார். காப்பில்லாத கையோடு அன்றைக்கே அந்தச் செங்கல் நிறத்தைப் பிடித்தார். அதற்குமேல் அந்தத் தம்ளரை அவர் தொடவில்லை, நான்தான் கழுவி வைத்தேன். துணி நெய்து முடிந்து முதலாளி கடையில் விரித்தபோது பார்க்கப் போனேன். சாய்த்துப் பிடித்த தம்ளர் பதினெட்டு முழத்துக்குப் படுத்திருந்தது. அழகாக இருந்ததே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மழைக்காலத்தில் பதில் வந்தது. முதலாளி காரில் வந்து, ஒன்றும் நடக்காதது போல என் கையில் கொடுத்தார். படித்தேன். நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் அந்தத் தோட்டத்தில் உண்டு. துணியை மேஜையில் விரித்ததும் அவர் கரையைத் தொட்டுத் தொட்டு அழுதாராம். "ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லையே. அதைப் பார்த்த கண் யாருடையது? ஒவ்வொரு அறுவடைக்கும் யார் யார் வேலை செய்தார்கள் என்று எழுதும் நோட்டு எங்களிடம் இருக்கிறது. அதில் அவர் பெயரை எழுத வேண்டும்" என்று கேட்டிருந்தாள்.

முதலாளி முகம் மலர்ந்தது. "என் பேரையே எழுதிடும்மா. கடை பேரும் போட்டுடு."

எழுதினேன். அவர் திண்டில் சாய்ந்தபடி தமிழில் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். சாயம் போட்டது யார், ஓரத்தைப் பார்த்தது யார், அதற்காகச் சாயம் போட்டவர் கையிலிருந்து என்ன அறுக்கப்பட்டது, பாட்டிலைக் கொண்டுவந்த மனுஷர் மண்டபத்தில் என்ன சொன்னார், எல்லாம் மூன்று பக்கம். கீழே முதலாளி பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். படிக்கிறதும் நானே, சொல்கிறதும் நானே. அந்த நோட்டில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தம்மா கடைக்கு எழுதவே இல்லை, முதலாளிக்கு ஏன் என்று கடைசிவரை புரியவில்லை.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்தார்கள். சாராயக்கடை ஏலம் விட்டார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளை ஏலத்தில் எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே முதலாளி. அவர் அம்மா அப்போதும் பூஜை பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த பங்குனியில் திருக்கல்யாணச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அதற்காக அம்மன் சந்நிதியில் அவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு அழைத்துப் போனார்கள். கிளாஸ் கணக்கில் சாராயம் விற்கிறவன் தலையில் அம்மன் துணி. ஒரு விரல் நனைத்தவர் கூட்டத்தின் கடைசியில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கும்பிடவில்லை. கும்பிடக் கை வரவில்லை. அந்த அம்மனிடமும் நான் அன்றைக்குச் சண்டைதான் போட்டேன்.

அந்தத் திருக்கல்யாணத்தில் இன்னொன்றும் நடந்தது. மஞ்சள் தண்ணீர் பட்டதும் அம்மன் புடவையின் சிவப்பு ஒழுகி, வெள்ளைக் கட்டமெல்லாம் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டது. சாயம் இரண்டு தெரு தள்ளின அந்தப் பட்டறையுடையது, ஊரே பார்த்தது.

அடுத்த வருஷம் மாசி முடியும்போது பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, அதன் மேல் மஞ்சள் கயிறு. இவர் பட்டறையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். கயிற்றைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நாலு வருஷத்தில் இவர் முதுகு எவ்வளவு வளைந்துவிட்டது என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"காலம் மாறிப் போச்சுப்பா" என்றார் பெரியவர். "கவர்மெண்டே கடைய ஏலம் வுடுது. நாம எத்த புடிச்சித் தொங்கறது? ஆனா சபைன்னு ஒண்ணு இருக்குது பாரு. அன்னைக்கு அறுத்தத இன்னைக்குச் சும்மா கட்ட முடியாது. 'தெரியாம நடந்துபோச்சு'ன்னு ஒரு வார்த்த. மண்டபத்துக்குக்கூட வர வேணாம், இங்கயே சொல்லு, நான் போயிச் சொல்லிக்கறேன். உன் பொஞ்சாதியையும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

இவர் உதடு அசைந்தது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, நான் பார்த்தேன். அவருக்கு அது வேண்டும். சோறு தண்ணீர் போல வேண்டும். நாலு வருஷமாக நான் அவரைத் திட்டித் தீர்த்தது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததற்குத்தான். இப்போது யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் பழியில்லை. அவர் என்னைப் பார்த்தார், சொல்லட்டுமா என்பது போல.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். திரும்பி உள்ளே போயிருந்தாலே போதும். ஆனால் என் கண்ணுக்கு எதிரே பரிவட்டம் கட்டிய அந்தத் தலை வந்தது. அந்தத் தலை நிமிர்ந்து இருக்க, இவர் மட்டும் பொய் சொல்லிக் கையை நீட்ட வேண்டுமா?

"அவருக்குத் தெரியும், பெரியவரே" என்றேன். "நான்தான் படிச்சுச் சொன்னேன். அன்னைக்கு மண்டபத்துல அவர் சொன்னது அத்தனையும் நெசம். பொய் சொன்னவங்க யாருன்னு உங்களுக்கும் தெரியும். அவங்க தலையில துணி கட்டினது நீங்கதான்."

பெரியவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் இவர் பக்கம் திரும்பவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து அவர் குரல், சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை: "என் கூடச் சேந்து நீயும் கெட்டுப்பூட்டியேம்மா."

அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். பங்குனி வந்தால் இடது கை மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருப்பார், கேட்டால் கொசு என்பார். அவருக்கு அந்தக் கயிறு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.